இஞ்சியும் லெமனும் சேர்ந்த கோல்டன் ஏல்: ருசி பார்ப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாசிக்குடா, அறுகம்குடா ஹோட்டல்களில் பரிமாறும் வேலைக்குப் போகிறவர்களும், லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவுக்காரர் கொண்டுவந்த போத்தலைத் திறக்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இலங்கைச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்தப் பக்கமும் அந்த வயதைக் கடந்தவர்களுக்கே.

கோல்டன் ஏல் என்றால் என்ன? இங்கே கடையில் வாங்கும் பியர் அதுதானே?

இல்லை. லயன் லாகர் போல இங்கே பெரும்பாலும் விற்பவை லாகர் வகை. லாகரை 8 முதல் 13 பாகை வரையான குளிரில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். ஏலுக்கு வேறு மதுவம் (ஈஸ்ட்). 15 முதல் 22 பாகை வரையில் விரைவாக நொதிக்கும். அந்தச் சூட்டில் மதுவமே கொஞ்சம் பழ மணத்தை உண்டாக்கிவிடும். கோல்டன் ஏல் 1980களில் இங்கிலாந்தில் எழுந்த வகை. லாகர் குடித்துப் பழகியவர்களை ஏல் பக்கம் இழுக்க, வெளிர் மோல்ட்டை (முளைக்க வைத்து உலர்த்திய பார்லி) வைத்து இலேசாகச் செய்தார்கள். 1986இல் வந்த எக்ஸ்மூர் கோல்ட் அதன் முன்னோடிகளில் ஒன்று. மதுசாரம் பெரும்பாலும் 3.8 முதல் 5 சதவீதம் வரை. நிறம் வைக்கோலுக்கும் அறுவடைக்கு நிற்கும் நெற்கதிருக்கும் இடையில் இருக்கும்.

இஞ்சிக்கும் லெமனுக்கும் இந்த வகை பொருந்துவது இந்த இலேசினால்தான். ஸ்டவுட் போன்ற கனமான பியரில் லெமன் மணம் அமுங்கிப் போகும்.

அப்படியென்றால் இது ஜிஞ்சர் பியர்தானே?

அதுவும் இல்லை. எலிஃபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் போன்றவை பெயரில் மட்டும்தான் பியர். மதுசாரம் இல்லாத இனிப்புச் சோடா அவை. இஞ்சி ஏலில் பார்லி மோல்ட்டும், கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவும் முதலில். இஞ்சி அதற்கு மேல் வரும் வாசனை. ஜிஞ்சர் பியரின் இனிப்பையும் உறைப்பையும் எதிர்பார்த்துக் குடித்தால் "சப்பென்று இருக்கிறது" என்றுதான் தோன்றும். பிழை பியரில் இல்லை, எதிர்பார்ப்பில்.

லெமன் என்று போட்டிருக்கிறது. அது தேசிக்காயா?

நம் தேசிக்காய் சிறியது, மெல்லிய தோல், கூர்மையான புளிப்பு. லெமன் பெரியது, தடித்த மஞ்சள் தோல், மணத்தில் மென்மை. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் தோலை நகத்தால் கீறி முகர்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும்: லெமனில் சிட்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் எடுப்பாக நிற்கும், சேரைப் புல்லை (லெமன் கிராஸ்) நசுக்கினால் வருவதும் அதே மணம்தான். தேசிக்காயில் அதோடு கொஞ்சம் பச்சை இலை, பிசின் போன்ற வாடை கலந்திருக்கும். போத்தலில் லெமன் என்று போட்டிருந்து உங்களுக்குத் தேசிக்காய் மணக்கிறது என்றால் அப்படியே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில ஹொப்ஸ் வகைகளே அந்த மணத்தைத் தரும்.

பியர் செய்கிறவர்கள் பெரும்பாலும் சாற்றைவிடத் தோலைத்தான் நம்புவார்கள். சாற்றில் இருப்பது முக்கியமாகச் சித்திரிக்கமிலம், அதாவது புளிப்பு. மணம் தோலின் மஞ்சள் மேற்பரப்பில் இருக்கிறது.

எவ்வளவு குளிராக இருக்க வேண்டும்? "ஐஸ் கோல்ட்" தானே நல்லது?

தாகத்துக்கு நல்லது, ருசிக்கு அல்ல. 7 முதல் 10 பாகை செல்சியஸ் வரை வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுக்கும் போத்தல் ஏறத்தாழ 4 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் லெமன் எண்ணெய் மேலெழும்பாது, இஞ்சியின் மணம் அடங்கிக் கிடக்கும், நாக்குக்குக் கசப்பும் கூச்சமும் மட்டும் தெரியும். மட்டக்களப்பின் 30 பாகைச் சூட்டில் போத்தலை மேசையில் சுமார் 10 நிமிடம் வைத்தால் போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதைவிடக் குறைவு. போத்தலில் வியர்த்த நீர் துளித்துளியாக வழியத் தொடங்கும்போது திறக்கலாம்.

பிறீசரில் போட்டு மறந்துவிடாதீர்கள். 5 சதவீத பியர் ஏறக்குறைய பூச்சியத்துக்குக் கீழ் 2 அல்லது 3 பாகையிலேயே உறையத் தொடங்கி, போத்தலை வெடிக்க வைக்கும். அவசரமென்றால் ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. 15 முதல் 20 நிமிடம். கிளாஸுக்குள் ஐஸ் கட்டி போட வேண்டாம். உருகும் நீர் மோல்ட் தரும் கனத்தைத்தான் முதலில் கரைக்கும், மீதி இஞ்சித் தண்ணீர்தான்.

எந்தக் கிளாஸ்?

வாய்ப் பக்கம் கொஞ்சம் குறுகிய கண்ணாடிக் கிளாஸ். இல்லையென்றால் வைன் கிளாஸ். எவர்சில்வர் குவளையும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம். நிறம் தெரியாது, முன்பு ஊற்றிய பானத்தின் வாடை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும்.

வடிவத்தைவிட முக்கியம் சுத்தம். மீன் பொரித்த கையால் தொட்ட கிளாஸில் நுரை அரை நிமிடம்கூட நிற்காது. சுத்தமா என்று பார்க்க, கழுவிய கிளாஸின் உள்பக்கத்தை நனைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மெல்லிய உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், எண்ணெய் உள்ள இடத்தில் வெற்றுத் திட்டு தெரியும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பான ஊர்களில் கிளாஸ் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விழும். தேசிக்காய்ப் புளியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவையுங்கள்.

ஊற்றும்போது நுரை பொங்குகிறது, அல்லது நுரையே வருவதில்லை. ஏன்?

பொங்கினால் போத்தல் சூடாக இருக்கிறது, அல்லது அதைக் குலுக்கியிருக்கிறார்கள். கிளாஸை 45 பாகை சரித்து, பக்கச் சுவரில் பாதியளவு ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை வேண்டும். லெமன் மணத்தைக் குமிழிகள்தான் மேலே தூக்கிவரும்.

கிளாஸும் சுத்தம், நுரை மட்டும் இல்லை என்றால் காரணம் சேர்த்த பொருளில் இருக்கலாம். லெமன் எண்ணெய் நுரையை உடைக்கும். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு. கொதிக்க வைக்காமல் சேர்த்தால் நுரையைத் தாங்கும் புரதமும் குறையும். ஆகவே இந்த வகையில் நுரை கொஞ்சம் மெலிந்திருப்பதைப் பெரிய குறையாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

வரிசை என்ன? முதலில் எதைப் பார்ப்பது?

60 முதல் 90 மி.லீ. போதும். கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறத்தையும் தெளிவையும் பாருங்கள். குளிரில் மங்கலாக இருந்து, சூடேறத் தெளிந்தால் அது குளிர்க் கலங்கல், பிழையில்லை. தெளியாமலே இருந்தால் லெமன் சதையின் பெக்டினாகவோ (பழத்தின் பசைப்பொருள்) மதுவமாகவோ இருக்கலாம்.

நுரை அடங்குவதற்குள் முகருங்கள். நீளமாக ஒரே இழுப்பாக அல்ல, சிறிது சிறிதாக மூன்று முறை. பிறகு கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் ஒருமுறை. முதலில் எழுவது லெமன், ஏனென்றால் அதன் எண்ணெய் எளிதில் ஆவியாகும். அதற்குப் பின்னால் பாண் மேலோடு, பிஸ்கட் போன்ற மோல்ட் மணத்தைத் தேடுங்கள். இஞ்சி இரண்டுக்கும் நடுவில், மண்ணும் பூவும் கலந்தாற்போல் இருக்க வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டி அளவு, 15 மி.லீ., வாயில் எடுத்து, 3 முதல் 5 விநாடி நாக்கு முழுவதும் புரட்டி விழுங்குங்கள். வைன் போலத் துப்பக் கூடாது. கசப்பு அடிநாக்கிலும் தொண்டையிலும் நன்றாகத் தெரியும். துப்பினால் அந்தப் பாதி கைவிட்டுப் போய்விடும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். பிறகு 30 விநாடி ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

ஏன் அந்த 30 விநாடி?

இஞ்சி பிந்தி வரும். இஞ்சியில் உள்ள ஜிஞ்சரோல், மிளகாயின் காரப்பொருள் தொடும் அதே நரம்பு உணரியைத்தான் தொடுகிறது. அது சுவையல்ல, சூடு. மெல்ல ஏறி, தொண்டையில் தங்கி, அடுத்த மிடறில் முதல் மிடறின் மீதியோடு சேர்ந்துகொள்ளும். காத்திருக்காமல் குடித்தால் மூன்றாவது மிடறில் "உறைப்பு அதிகம்" என்று எழுதுவீர்கள். உண்மையில் அது மூன்று மிடறின் கூட்டு.

உறைப்பின் தன்மையை வைத்து எந்த இஞ்சி என்றும் ஊகிக்கலாம். பச்சை இஞ்சி காய்ந்து வேர்க்கொம்பாகும்போது ஜிஞ்சரோலில் ஒரு பகுதி ஷோகயோலாக மாறும், அது இன்னும் உறைப்பு. நீண்டநேரம் வேகவைத்தால் ஜிஞ்சரோன் உண்டாகும், அது மென்மையான இனிப்பு வாசனை. எனவே தேசிக்காய்போலப் பளிச்சென்ற இஞ்சி மணம் வந்தால் பச்சை இஞ்சி, பிந்திச் சேர்த்தது. கசாயம்போல அடித்தொண்டையைச் சுட்டால் காய்ந்தது. இஞ்சிபோட்ட கேக்போல மணந்தால் நன்றாகக் கொதித்தது.

மணத்தையும் சுவையையும் எப்படிப் பிரிப்பது? எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

மூக்கை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். புளிப்பு, சிறிது இனிப்பு, கசப்பு, உறைப்பு, குமிழியின் குத்தல், அவ்வளவுதான். லெமன் எங்கே? இல்லை. இஞ்சியும் இல்லை, வெறும் சூடு. இப்போது விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். ஒரு நொடியில் லெமன் தோலும் இஞ்சியும் உள்ளிருந்து மூக்குக்கு ஏறும்.

இந்தப் பானத்தை மதிக்கும் அடிப்படையே இதுதான். விரலை எடுத்தபின் ஒன்றும் ஏறாமல், பொத்தியிருந்தபோது இருந்த புளிப்பும் சூடும் மட்டுமே மிஞ்சினால், சாற்றையும் காரத்தையும் கொட்டியிருக்கிறார்கள், வாசனையை விட்டுவிட்டார்கள். விரலை எடுத்ததும் லெமனும் இஞ்சியும் வந்து, அவை ஓய்ந்தபின் மோல்ட்டின் பாண் ருசி மிஞ்சினால் நல்ல போத்தல். எங்கள் மதிப்பீட்டில் அந்தக் கடைசி மோல்ட் ருசி இல்லாத இஞ்சி ஏல், எவ்வளவு மணத்தாலும், இரண்டாம் தரம்தான்.

கசக்கிறது. ஹொப்ஸா, லெமன் தோலா?

ஹொப்ஸ் கசப்பு விழுங்கும்போதே ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். லெமன் தோலின் கீழுள்ள வெள்ளைப் பகுதியின் கசப்பு பிந்தித் தொடங்கி, வாயைவிட்டுப் போக மறுக்கும். தோலைச் சீவியவர் ஆழமாகச் சீவியிருக்கிறார் என்று பொருள். நாக்கு வறண்டு, பாக்குக் கடித்தாற்போல இழுத்தால் அது கசப்பே அல்ல, துவர்ப்பு. வெறுந்தேயிலையை அதிகநேரம் ஊறவைத்த கணக்கு. தமிழில் இவை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. "கசப்பு" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாமல் பயன்படுத்துங்கள்.

கெட்டுப்போன போத்தலை எப்படி அறிவது?

நனைந்த மட்டைப் பெட்டி மணந்தால் பழசாகி ஒட்சியேற்றப்பட்டது. அவித்த சோளம் மணந்தால் கொதிக்க வைத்தது போதாது, அல்லது கிருமி புகுந்தது. பட்டர் அல்லது பச்சை அப்பிள் மணந்தால் நொதித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். கராம்பு மணம் சில பெல்ஜிய, ஜெர்மன் வகைகளில் வேண்டியதே. இதில் அது வந்தால் சந்தேகப்படுங்கள்.

இந்த வகைக்கே உரிய குறை லெமனில் வருகிறது. சூட்டில் கிடந்த சிட்ரால் சிதைந்து, புதுத் தோலின் மணம் போய், பாத்திரம் கழுவும் திரவம்போலவோ மருந்துக்கடை போலவோ மணக்கும். திகதி தாண்டாத போத்தலிலும் இது வரும். குமிழி போயிருந்தால் இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் காபனீரொட்சைட்டின் குத்தல்தான் புளிப்பையும் மணத்தையும் நிமிர்த்திப் பிடிக்கிறது.

திகதி தாண்டவில்லையே, பின் எப்படிக் கெடும்?

வெப்பம். பியர் செய்கிறவர்கள் மத்தியில் 3, 30, 300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள்: மூன்றிலும் பியர் ஏறக்குறைய ஒரே அளவு முதுமை அடையும். 32 பாகை என்பது நம் ஊரில் கடையின் பின்னறை, அதுவும் ஓட்டுக்கூரை என்றால். தகரக்கூரை என்றால் இன்னும் கூட. ஆகவே வாங்கும்போது பிரிட்ஜில் இருக்கும் போத்தலையே கேளுங்கள், வீட்டில் நிமிர்த்திக் குளிரிலேயே வையுங்கள். விமானப் பெட்டியில் வந்த போத்தலை "விசேஷத்துக்கு" என்று அலுமாரியில் வைத்துக் காப்பாற்றுவது, அதைக் கொல்வது. வந்த வாரமே திறவுங்கள்.

வெளிச்சமும் எதிரிதான். ஹொப்ஸின் கசப்புப் பொருள் சூரிய ஒளியில் சிதைந்து கந்தக நாற்றம் எடுக்கும். கடற்கரை வெயிலில் பச்சை அல்லது நிறமற்ற போத்தலுக்கு இது நிமிடக் கணக்கில் நடக்கும். பழுப்புப் போத்தல் கொஞ்சம் தாங்கும், தகர ரின் முழுதாகக் காக்கும்.

நாக்கைப் பழக்க ஏதாவது பயிற்சி உண்டா?

உண்டு, செலவும் அதிகமில்லை. 10 கிராம் இஞ்சியைத் தோல் நீக்கி மெல்லிதாக வெட்டி, 100 மி.லீ. கொதிநீரில் 10 நிமிடம் மூடிவைத்து வடித்து, குளிர வையுங்கள். நார் நிறைந்த நாட்டு இஞ்சி காரம். பருத்த சீன இஞ்சி என்றால் 15 கிராம் எடுங்கள். நான்கு கிளாஸில் தலா 100 மி.லீ. சாதாரண லாகர். இஞ்சித் தண்ணீரை முதலாவதில் ஒன்றும் விடாமல், மற்றவற்றில் 5, 10, 20 மி.லீ. விடுங்கள். சேர்த்தது எல்லாவற்றிலும் 20 மி.லீ. ஆகும்படி மீதியைச் சோடாவால் நிரப்புங்கள். இல்லையென்றால் நீங்கள் ருசிப்பது இஞ்சியின் அளவையல்ல, நீர்த்துப் போனதையே.

பிறகு லெமன், இல்லையென்றால் தேசிக்காய்த் தோல். சுண்டுவிரல் நகமளவு துண்டு, உள்ளே வெள்ளை ஒட்டாமல். அதை நுரைக்கு மேலே, மஞ்சள் பக்கம் கீழே பார்க்கப் பிடித்து மடித்து நசுக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மெல்லிய தூவானம் பறப்பது தெரியும். அது விழுந்த இடத்தில் நுரை சட்டென்று குழிவிழும். அந்தக் கிளாஸையும் தொடாத கிளாஸையும் மாறிமாறி முகருங்கள். புளிப்பு ஒரு சொட்டுக்கூடச் சேராமல் "லெமன் பியர்" உண்டாவதை மூக்கு அப்போது கற்றுக்கொள்ளும்.

தேறிவிட்டீர்களா என்று பார்க்க முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒன்றே, ஒன்றில் வேறு. வேறொருவர் ஊற்றித் தரட்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரிவரும். மூன்று தடவை தொடர்ந்து சரியாகச் சொன்னால், குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 27இல் ஒரு வாய்ப்புத்தான்.

நாங்கள் மது தொடுவதில்லை. ஆனால் ஹோட்டல் வேலையில் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாயில் வைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பயிற்சியை லாகருக்குப் பதில் வெறும் சோடாவில் செய்யுங்கள். இஞ்சி அளவும் லெமன் தோலும் அதிலேயே பழகிவிடும். மோல்ட்டுக்கு, சூடாக்கிய பாணின் மேலோட்டை முகர்ந்து பழகுங்கள். நிறம், நுரை, பரிமாறும் குளிர், வெயிலில் வைக்காமை ஆகிய இவற்றில் எதற்கும் குடிக்கத் தேவையில்லை. நல்ல பரிமாறலின் பெரும்பகுதி இதுதான்.

ருசி பார்ப்பதற்கு முன் எதைத் தவிர்க்க வேண்டும்?

வெற்றிலை, சிகரெட், மிளகாய்க் கறி. வெற்றிலையின் சுண்ணாம்பும் பாக்கும் நாக்கைப் பல மணி நேரம் கட்டிவிடும். மிளகாய் இஞ்சி தொடும் உணரியையே மரக்கச் செய்யும், பிறகு இஞ்சி தெரியவே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு நல்ல நேரம். இடையில் நாக்கைத் துடைக்கத் தண்ணீரும் உப்பில்லாத பாணும். கிரீம் கிராக்கரும் பரவாயில்லை, உப்புக் கொஞ்சம் குறுக்கே வரும்.

எதோடு சாப்பிடலாம்?

வறுத்த கச்சான், உப்பிட்ட கஜு, மாவில் தோய்த்துப் பொரித்த கணவாய், மஞ்சளும் மிளகும் மட்டும் போட்ட இறால். எண்ணெயை லெமன் வெட்டும், உப்பு மோல்ட்டை இனிப்பாக்கும். நண்டுக் கறி, மீன் சொதி எல்லாம் அருமையான சாப்பாடு, ஆனால் இதோடு சேராது. உறைப்பும் உறைப்பும் சேர்ந்து லெமனை மூடிவிடும். எருமைத் தயிரும் பாணியும் வேண்டவே வேண்டாம்.

ஒரே இருப்பில் எத்தனை?

முழுப் போத்தல் அல்ல, மேலே சொன்ன 60 முதல் 90 மி.லீ. அளவில் நான்கு வகை, மிஞ்சினால் ஐந்து, இஞ்சி குறைந்ததிலிருந்து கூடியதற்கு. இஞ்சி சேமிப்பாகிக்கொண்டே போவதால் ஆறாவதைப் பற்றி எழுதுவது நம்பத்தக்கதல்ல. 330 மி.லீ., 5 சதவீதப் போத்தல் ஒன்றில் சுமார் 13 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. இஞ்சி சேர்ந்ததால் அது மருந்தாகிவிடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ருசி பார்த்த பின் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள்.

வீட்டில் காய்ச்சலாமா?

கூடாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்வது குற்றம்.  பௌர்ணமி தினங்களில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

குறிப்பு எப்படி எழுதுவது?

குடித்து முடித்த பிறகு அல்ல, ஒவ்வொரு படியிலும். "நல்லது", "சூப்பர்" என்பவை அடுத்த மாதம் உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. இப்படி எழுதலாம்: "9 பாகை. வைக்கோல் நிறம், இலேசான கலங்கல், சூடேறத் தெளிந்தது. நுரை ஒரு விரல், 2 நிமிடம். மணம்: லெமன் தோல் முதலில், பிறகு பிஸ்கட், இஞ்சி சுற்றிய பின்தான். வாயில்: இலேசான புளிப்பு, கசப்பு விரைவில் இறங்கியது, துவர்ப்பு இல்லை. உறைப்பு 12ஆவது விநாடியில், தொண்டையில், மிதம். மூக்கைப் பொத்தி எடுத்தபின் லெமன் முழுதாக வந்தது. கடைசியில் பாண் ருசி நின்றது. மீதியை 16 பாகையில் மறுபடி பார்த்தேன்: லெமன் போய்விட்டது, இஞ்சி இருக்கிறது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கிளாஸின் அடியில் இரண்டு மிடறு மிச்சம் வைத்து, சூடேறிய பின் பாருங்கள். குளிர் மறைத்த குறை எதுவானாலும் அதில் தெரிந்துவிடும்.